கிழக்கே சாய்த்த வண்டி

1

மாசியில் எங்களுக்கு விவாகரத்து ஆனது. சித்திரையில் இருபத்தைந்தாவது திருமண நாள் வந்து நின்றது. நாள்காட்டிக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

டெக்சாஸில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொள்வது, ஊரில் கேஸ் கனெக்‌ஷனை வேறு முகவரிக்கு மாற்றுவதைவிடச் சுலபம். அடித்தார், ஏமாற்றினார் என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஒத்துவரவில்லை என்று இருவரும் சொன்னால் போதும், சட்டம் மேற்கொண்டு தோண்டாது. நீதிபதி ஒரு பெண்மணி. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பழைய பெயருக்குத் திரும்ப விருப்பமா?

என் கடைசிப் பெயர் கதிரேசன். அது கணவரின் பெயர். அதற்கு முன் என் கடைசிப் பெயர் சுந்தரம். அது அப்பாவின் பெயர். பல் டாக்டரின் வரவேற்பறையில் "மிஸஸ் கேத்தரீசன்" என்று கூப்பிட்டால் எழுந்து நிற்கிறவள் நான். என் பல்வலி, என் ரத்த அழுத்தம், என் கண்ணாடியின் பவர் எல்லாம் இந்த நாட்டில் அவர் பெயரில்தான் கிடக்கின்றன. சுமதி என்கிற பெயரை எந்தக் கம்ப்யூட்டரும் பொருட்படுத்தியதில்லை. எந்த ஆணின் பெயரில் மிச்ச காலத்தைக் கழிக்கப் போகிறாய் என்று அந்த அம்மாள் கேட்பதாகத்தான் எனக்குப் பட்டது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதிரேசன் பக்கத்திலிருந்து தணிந்த குரலில் சொன்னார்:

"வேணாம்னு சொல்லு. பாஸ்போர்ட், லைசென்ஸ், பேங்க் எல்லாம் மாத்தணும். உன்னால முடியாது."

வேண்டாம் என்றேன். பிரிகிற நிமிடத்திலும் அவர் சொன்னதைத்தான் கேட்டேன். வெளியே பார்க்கிங் லாட்டில் வைத்து முதன்முறையாக அவரை "நீ" என்றேன். நீ போ, நான் வந்துக்கிறேன். இத்தனை வருடம் "நீங்க" போட்ட வாய். அந்த வழக்கில் எனக்குக் கிடைத்த ஒரே நகை அதுதான். அன்றிரவு அதைத் தனியாக நான்கு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன், கண்ணாடி முன் போட்டுப் பார்ப்பதுபோல.

2

மகளிடம் சொல்லவில்லை.

யாழினி இங்கே பிறந்தவள். ஆஸ்டினில் வேலை, அங்கேயே தோழி ஒருத்தியோடு வீடு. தமிழ் முழுக்கப் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். சாப்பாட்டுக்கும் சாமிக்கும் மட்டும் கொஞ்சம் தமிழ் வைத்திருக்கிறாள். அவளுடைய முதல் வேலை, அது நிலைக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். அது வெளியே சொல்லும் காரணம். உள்ளே இருந்தது வேறு. யார் முதலில் சொல்கிறாரோ அவர்தான் வீட்டை உடைத்தவர் ஆவார். மற்றவர் உடைபட்டவர். மகள் உடைபட்டவர் பக்கம்தான் போய் நிற்பாள். அவளைத் தன் பக்கம் நிறுத்திக்கொள்ள இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். பாகம் பிரிக்காமல் மிஞ்சியிருந்த ஒரே சொத்து அவள்.

கதிரேசன் தீபாவளிக்குப் பிறகே எங்கள் ஃபிரிஸ்கோ வீட்டை விட்டு, அரை மணி தூரத்து லூயிஸ்வில்லில் ஓர் அபார்ட்மென்டுக்குப் போய்விட்டார். யாழினி வருகிற வாரங்களில் அவளுக்கு முன்னால் வந்துவிடுவார். செருப்பை ரேக்கில் வைப்பார். டூத் பிரஷை டம்ளரில் போடுவார். சோபாவில் தன் பள்ளத்தில் போய் உட்கார்ந்து டிவியைப் போடுவார். நான் "காபி வேணுமாங்க" என்பேன். அந்த "ங்க"வை உதட்டில் ஏற்றுவதற்குள் எனக்கு வியர்த்துவிடும். ஞாயிறு மாலை அவள் கார் தெருமுனை திரும்பியதும் டூத் பிரஷைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அவர் கிளம்புவார். நாங்கள் சேர்ந்து வாழ்ந்த காலத்தில்கூட இவ்வளவு நேரம் தவறாமை எங்களுக்குள் இருந்ததில்லை.

அங்கே ஊரில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள், பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும் என்று. இங்கே பிள்ளைகளைப் பற்றித் தெரிந்துகொள்வது நாங்கள்தான். அவள் பதினாறு வயதில் கார் ஓட்டத் தொடங்கியபோது, குடும்பத்தில் யார் ஃபோன் எங்கே இருக்கிறது என்று மேப்பில் புள்ளி புள்ளியாகக் காட்டும் ஓர் ஆப்பை மூன்று ஃபோனிலும் கதிரேசன் ஏற்றினார். சாயங்காலம் ஆனால் இருவரும் அவளுடைய புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஸ்கூலை விட்டுக் கிளம்பிட்டா. இந்தப் பக்கம் ஏன் திரும்பறா. அந்த வீடு யாருது. அவள் அழுது சண்டை போட்டாள். உன் நல்லதுக்குத்தான் என்றோம். ஆஸ்டின் போன பிறகு புள்ளி சுவர்ப் பல்லிபோல ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டது. எங்களுக்கும் பார்ப்பது விட்டுப்போயிற்று.

அவள்தான் பங்குனி முடிவில் ஃபோன் செய்து திருமண நாளுக்குப் பரிசு என்றாள். தோழியின் பெற்றோருக்கு ஒரு மோட்டார் ஹோம் இருக்கிறது, கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. அதைக் கேட்டு வாங்கிவிட்டாள். வடக்கே ஓக்லஹோமா எல்லையை ஒட்டிய ஏரிக்கரையில் இடமும் பதிவு செய்துவிட்டாள். இன்ஷூரன்ஸ் அவள் பெயருக்கு மட்டும்தான், ஆகவே அவளே ஓட்டுவாள், நாங்கள் இருவரும் பின்னால் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்து வர வேண்டும்.

அன்றே கதிரேசனைக் கூப்பிட்டேன். ஒரு ராத்திரி தங்க வேண்டியிருக்கும், ஒரே கட்டில் என்றேன். "நான் முதுகு வலின்னு கீழ படுத்துக்கறேன்" என்றார். நடிப்பிலும் தரை அளவுக்கு இறங்கி வரத் தயாராக இருந்தார். வாழ்க்கையில்தான் ஓர் அங்குலம் இறங்கவில்லை.

3

கேம்ப் கிரவுண்டில் எங்களுக்கு ஒதுக்கிய இடம் ஏரியைப் பார்த்து மேற்கே சரிந்திருந்தது. வண்டியின் மூக்கு தெற்கே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாம் இதில்தான் வந்து மாட்டுகிறது.

மோட்டார் ஹோமை நிறுத்தினால் மட்டும் போதாது, மட்டம் பார்க்க வேண்டும். தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் பிளாக்குகளை அடுக்கி, வண்டியை அதன்மேல் ஏற்றி நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். சாய்ந்து நின்றால் அந்த வகை ஃபிரிட்ஜ் கெட்டுப்போகும். தட்டில் ரசம் ஓடும். அதைவிட முக்கியம் ஸ்லைட்-அவுட். வண்டியின் ஒரு பக்கச் சுவர் சோபாவோடும் ஜன்னலோடும் பொத்தானை அழுத்தினால் வெளியே நகர்ந்து, அறை அகலமாகும். மேஜை இழுப்பறையை இழுப்பதுபோல. வண்டி மட்டத்தில் இருந்தால்தான் அந்தச் சுவர் நேராகப் போய் நேராக வரும். முதலில் மட்டம், அப்புறம்தான் சுவர். தோழியின் அப்பா இதை யாழினிக்கு மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார்.

ஓட்ட முடியாத எரிச்சலில் வந்த கதிரேசனுக்கு இதைக் கேட்டதும் முகம் விரிந்தது. தன் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். ஆமாம், கொண்டுவந்திருந்தார். திருமண நாள் கொண்டாட வந்த மனிதர் மாற்று உடை, மாத்திரை, ரசமட்டம் மூன்றும் எடுத்து வந்திருந்தார்.

அந்த ரசமட்டம் எனக்கு என் தாலியைவிடப் பழக்கம். வேளச்சேரியில் எங்கள் முதல் வாடகை வீடு மொட்டை மாடியில் ஒற்றை அறை. கொத்தனார் தரை முழுவதையும் பாத்ரூம் பக்கம் சரித்துவிட்டிருந்தார். எதைக் கீழே வைத்தாலும் உருண்டு போய் ஜலதாரை மேல் நிற்கும். பால் காய்ச்சிய அன்று தேங்காய் அப்படி உருண்டு போனது, நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் பாரிமுனை போய் இந்த ரசமட்டத்தை வாங்கி வந்தார். ஸ்டவ்வுக்கு அடியில் மடித்த தினசரி, கட்டில் காலுக்கு அடியில் அட்டை. அன்றைக்கு அது எனக்கு அன்பாகத் தெரிந்தது. அப்புறம் அந்த அட்டை என் அடியிலும் வந்தது. நான் சத்தமாகச் சிரித்தால் ஒரு பார்வை. அழுதால் ஒரு விளக்கம். யாரிடமாவது கொஞ்சம் அதிகமாகப் பேசினால் காரில் திரும்பும்போது திருத்தம். குடிக்கவில்லை, கை ஓங்கவில்லை, ஒரு நாளும் குரல் உயர்த்தவில்லை. குமிழி நடுவில் நிற்கிறதா என்று இத்தனை வருடம் என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவருக்கும் என்மேல் ஒரு பிராது உண்டு. நான் பத்திரிகையில் எழுதுகிற உரைநடைக் கவிதைகளில் வருகிற, ஜன்னலைச் சாத்துகிற ஆண் யார் என்று அவருடைய அக்கா கேட்டுவிட்டாராம். "உன் புருஷன் பேர் கதிரேசன்னு அடிக்குறிப்பு ஒண்ணு போட்டுடு" என்றார் ஒருநாள். அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொன்றையும் அவர் கண்ணில் படுகிற மாதிரி டைனிங் டேபிளில் வைத்தேன்.

யாழினி வண்டியை முன்னும் பின்னும் நகர்த்த, அவர் சமையல் மேடையில் ரசமட்டத்தை வைத்து, இறங்கிப் போய் பிளாக்கை மாற்றி, மறுபடி ஏறி வந்து பார்த்து, ஒருவழியாகக் குமிழி நடுவுக்கு வந்தது. "பர்ஃபெக்ட்" என்றார். அந்தச் சொல்லை அவர் என்னைப் பார்த்துச் சொன்னதே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

4

அப்போதுதான் யாழினி ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பால் கேனை எடுத்தாள். இந்தியக் கடையில் மஞ்சள் கிழங்கும் வாங்கி வந்திருந்தாள், ஒரு சின்னப் பாத்திரத்தின் கழுத்தில் கட்ட. புது வீட்டில் பால் காய்ச்சுவீர்களே, அதுபோல இந்த வண்டியில் நீங்கள் இருவரும் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றாள். அதற்கு முந்தின நொடி வரை நான் நன்றாகத்தான் நடித்துக்கொண்டிருந்தேன்.

"எந்தப் பக்கம் பொங்கினா லக்கி, அம்மா?"

கிழக்கே என்றேன். தெற்கே வழிந்தால் ஆகாது. மேற்கும் அவ்வளவு விசேஷமில்லை.

மஞ்சளுக்கு நூல் தேடிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் இறங்கிப் போய் அப்பாவின் காதில் என்னவோ சொன்னாள். அவர் தலையாட்டி மறுத்தார். ரசமட்டத்தைக் காட்டி விளக்கினார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சின்ன வயதில் பலூனுக்கு நின்றதுபோல. பிறகு அவள் வண்டியை முன்னே எடுத்தாள், அவர் குனிந்தார். மேற்குப் பக்கச் சக்கரங்களுக்கு அடியில் கூடுதலாக ஒரு வரிசை பிளாக். வண்டி அதன்மேல் ஏறியபோது என் காலடியில் தரை கிழக்கே சரிந்தது. மஞ்சள் கிழங்கு மேடையில் ஒருமுறை புரண்டது.

ஒரு தாள் கனம் சாய்வதற்கு எனக்காக ஒரு நாளும் சம்மதிக்காத மனிதர்.

கிழக்குப் பக்கச் சுவரில்தான் ஸ்லைட்-அவுட். சரிவில் அது சறுக்கிக்கொண்டு வெளியே போய், கடைசியில் தடாலென்று நின்றது. கதிரேசன் கண்ணை ஒருகணம் மூடித் திறந்தார். யாழினி கூரைக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே தங்கக் காகிதத் தோரணம் ஒட்டினாள். பிறகு பெருமாள் கோயில் உள்ள பிரிட்ஜ்வாட்டரில் இருக்கும் கதிரேசனின் அக்காவை வீடியோவில் கூப்பிட்டு, ஃபோனை அடுப்புக்கு நேராகப் பிடித்தாள்.

பால் எழுந்தது. நுரை விளிம்புக்கு வந்து ஒரு வினாடி யோசித்தது. பிறகு வேறு வழி இல்லாமல் கிழக்கே வழிந்தது.

அண்ணி அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா சுமதி, நேரா கிழக்க. நான் சாயங்காலமே பெருமாளுக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடறேன். என் தம்பி மாதிரி ஒருத்தன் கிடைக்கணுமே" என்றார். ஆமாம் அண்ணி என்றேன். வழிந்த பாலை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கதிரேசன் என் தோளில் கை வைத்தார். கை மரக்கட்டைபோல இருந்தது, ஆனால் வைத்தார். ஃபோனுக்குப் பின்னாலிருந்து யாழினி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் வாயடைத்து நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

5

சாப்பிட்டு முடித்தபோது மூன்று ஃபோன்களும் புயல் எச்சரிக்கையோடு சேர்ந்து அலறின. டெக்சாஸ் சித்திரையில் இது சகஜம். ஏரிக்கு அக்கரையில் வானம் பச்சைப் பாசி நிறத்துக்கு மாறியிருந்தது. கேம்ப் கிரவுண்டைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் கோல்ஃப் கார்ட்டில் வந்து, கிளம்புகிறவர்கள் இப்போதே கிளம்புங்கள், தங்குகிறவர்கள் சுவரையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு கான்கிரீட் கழிப்பறைக்குள் போய்விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். கிளம்பிடலாம் என்றாள் யாழினி. எனக்குள் ஒரு நிம்மதி. கதிரேசன் முகத்திலும் அதே நிம்மதி ஓடியதைப் பார்த்தேன். ஒற்றைக் கட்டிலிலிருந்து புயல் எங்களைக் காப்பாற்றிவிட்டது.

அவள் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் முனகியது. சுவரின் ஒரு முனை ஒரு சாண் உள்ளே வந்தது, மறுமுனை வரவில்லை. தோரணம் அறுந்தது. சுவர் கோணிக்கொண்டு நின்றுவிட்டது.

போனது இறக்கத்தில். வர வேண்டியது ஏற்றத்தில்.

வண்டியை மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் பிளாக்கிலிருந்து இறக்க வேண்டும். சுவர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது வண்டியை நகர்த்தக் கூடாது. சுவரை உள்ளே இழுக்க வேண்டுமானால் வண்டி மட்டத்தில் இருக்க வேண்டும். கதிரேசன் இதை எங்களுக்கு ஒருமுறை முழுவதுமாக விளக்கினார். விளக்கி முடித்தபோது முதல் துளிகள் விழுந்தன.

வேறு வழியில்லை, யாழினி உள்ளே பொத்தானை அழுத்துவாள், நாங்கள் இருவரும் வெளியே நின்று தள்ள வேண்டும். விவாகரத்தான கணவனும் மனைவியும் டெக்சாஸ் மழையில் ஒரு சோபாவை ஏற்றத்தில் தள்ளினோம். காற்றில் யாருக்கும் எதுவும் கேட்காது என்கிற தைரியம் எங்களுக்கு.

"கையால தள்ளாத. தோளக் குடு."

"இங்கயும் கிளாஸ் எடுக்காத. தள்ளு."

"ஒரு வரிசை. ஒரே ஒரு வரிசை கூட வெச்சேன், என் வாழ்க்கைல முதல் தடவையா. பாரு எங்க வந்து நிக்குதுன்னு."

"அவ கேட்டான்னு வெச்ச. நான் கேட்டிருந்தா ரசமட்டத்தக் காட்டியிருப்ப."

"நீ எதையும் கேக்க மாட்ட. எழுதுவ. இதையும் எழுதுவ."

"எழுதுவேன்."

"கண்ணுல ஒத்திக்கிட்டதையும் சேத்து எழுது. நல்லா நடிச்ச. இருபத்தஞ்சு வருஷப் பழக்கம்."

சுவர் ஒரு விரற்கடை நகர்ந்தது. எங்கள் தோள்கள் இடித்துக்கொண்டன. கடைசியாக எப்போது இப்படித் தொட்டுக்கொண்டு நின்றோம் என்று தெரியவில்லை.

"உன் ஃபிளாட்ல மட்டம் பாக்க யாரு இருக்கா?" என்றேன்.

"யாருமில்ல. அதான் எல்லாம் நேரா இருக்கு."

நன்றாக அடிபட்டது. அவர் ரசிக்கவும் செய்தார். "இன்னிக்கே சொல்லிடு அவகிட்ட" என்றார்.

"நீ சொல்லு. போனது நீ."

"போகச் சொன்னது நீ."

எங்கள் தலைக்கு மேல், அந்தச் சுவரிலேயே இருந்த ஜன்னல் ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். உள்ளேயிருந்து யாழினியின் குரல், எந்தக் கலக்கமும் இல்லாமல், "ரெடியா? ஒன், டூ" என்றது. மோட்டார் உறுமியது. நாங்கள் இருவரும் பேச்சை விட்டுவிட்டு, உள்ள பலத்தையெல்லாம் கொடுத்துத் தள்ளினோம். சுவர் உள்ளே போய்ப் பொருந்திக்கொண்டது.

6

அவள் ஓட்டினாள். நாங்கள் பின்னால் சோபாவில் பெல்ட் போட்டு, நடுவில் ஈரத் துண்டு ஒன்றை வைத்து உட்கார்ந்திருந்தோம். கேட்டிருக்குமா என்று நான் கண்ணால் கேட்டேன். இல்லை என்று அவர் உதட்டைப் பிதுக்கினார். பால் அடிப்பிடித்த வாசனை வண்டி முழுக்க.

மழை பின்தங்கிவிட்டது. மெக்கின்னி தாண்டி டோல் ரோட்டில் மேற்கே திரும்பினோம். ஃபிரிஸ்கோ எக்ஸிட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் எக்ஸிட்டும் வந்தது. அவள் லேன் மாறவில்லை.

"யாழினி, நம்ம எக்ஸிட் போச்சும்மா" என்றார் கதிரேசன்.

அவள் கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. அடுத்ததும் போயிற்று. வண்டி பெரிசு, திருப்ப வசதியான இடம் பார்க்கிறாள் போல என்று அவர் எனக்குச் சொன்னார். நான் ஆமாம் என்றேன். லூயிஸ்வில் என்ற பச்சைப் பலகைக்குக் கீழே போனபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஈரத் துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார், முனைக்கு முனை சரியாக.

ஃபோனில் வழி போடவில்லை. யாரையும் கேட்கவில்லை. சிக்னலில் இடது, பெட்ரோல் பங்க்கில் வலது, தபால் பெட்டிகளைத் தாண்டி இரும்புக் கேட்டுக்கு முன் அந்தப் பெரிய வண்டியை ஓரம் கட்டி, விளக்கு சிமிட்ட விட்டாள்.

"அப்பா, யுவர் ஸ்டாப்."

நான் என் கணவராக இருந்தவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அப்போதும் விடவில்லை நாங்கள். "இங்க யாரும்மா இருக்கா?" என்றார் அவர். "என்னடி இது, எங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்க?" என்றேன் நான். ஒத்திகை பார்த்ததுபோல அடுத்தடுத்து வந்தது. எங்கள் மணவாழ்க்கையிலேயே அவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் பேசியதில்லை.

யாழினி சீட்டைத் திருப்பி எங்களுக்கு நேராக உட்கார்ந்தாள். பிறகு தமிழில் பேசினாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. எங்களுக்குப் புரியவில்லை என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று நினைத்தாள் போலும்.

"எனக்குக் கார் குடுத்தப்ப என் ஃபோன்ல ஒரு ஆப் போட்டீங்க. நான் எங்க இருக்கேன்னு நீங்க பாக்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு நானும் பாக்கலாம். அது உங்க ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல. தீபாவளிலேர்ந்து அப்பா இங்கதான் தூங்கறார். நான் வரேன்னு சொன்னா எனக்கு முன்னாடி கிளம்பி ஃபிரிஸ்கோ வரார். வழில கடைல நின்னு காய் வாங்கறார். நான் ஆஸ்டின்லேர்ந்து வர்ற வழியெல்லாம் அந்தப் புள்ளியப் பாத்துட்டே வருவேன்."

கதிரேசன் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டினாள். அந்தக் கை அவருடையது, அப்படியே அவர் ஜாடை.

"அப்போ அந்தப் பால்?" என்று நான்தான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. கேட்டிருக்கக் கூடாது.

"யாராவது ஒருத்தர் நிறுத்துவீங்கன்னு நினைச்சேன். இது பொய், வேணாம்னு. அப்பா பிளாக் வெச்சார். நீ கும்பிட்ட."

தமிழ் வரும்போது அவளும் என்னை "நீ" என்றுதான் சொல்வாள், மகள் அம்மாவைச் சொல்கிற "நீ". அன்றைக்கு அது வேறு கனத்தில் வந்து விழுந்தது.

கதிரேசன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். படியில் நின்று அவளிடம் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். பின்சக்கரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "டயர்ல காத்து கம்மியா இருக்கு, செக் பண்ணிக்க" என்றார். கேட் திறந்து மூடியது. உள்ளே நடந்து போகும்போது பையிலிருந்து ரசமட்டத்தின் மஞ்சள் முனை நீட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அது எவ்வளவு அசிங்கமாக ஒலித்தது என்று முன்சீட்டிலிருந்து என்னைப் பார்த்த அவள் முகத்தில் தெரிந்துகொண்டேன்.

7

ஃபிரிஸ்கோ வீட்டு வாசலில் என்னையும் இறக்கிவிட்டாள். உள்ளே வா, சாப்பிட்டுப் போ என்றேன். வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள். மறுபடியும் ஆங்கிலம். எங்களுக்கென்று எடுத்து வைத்திருந்த தமிழ் தீர்ந்துவிட்டது. அவ்வளவு பெரிய வண்டியை எங்கள் குறுகலான தெருவில் ஒரே முயற்சியில் திருப்பிக்கொண்டு போனாள்.

பால் பாத்திரத்தை ஊற வைத்தேன். மஞ்சள் கயிற்றை அவிழ்த்தேன். வெளிச்சம் இருக்கும்போதே, பல வருடத்துக்குப் பிறகு அந்த ஆப்பைத் திறந்தேன், எங்கே போய்க்கொண்டிருக்கிறாள், மழையில் மாட்டிக்கொண்டாளா என்று பார்க்க. மேப் மெதுவாக விரிந்தது. ஆஸ்டின் வரை நகர்த்தித் தேடினேன். வழி நெடுகத் தேடினேன். அவள் தன்னை அதிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள்.

மிச்சம் இருந்தவை இரண்டு புள்ளிகள். ஃபிரிஸ்கோவில் ஒன்று, லூயிஸ்வில்லில் ஒன்று. லூயிஸ்வில் புள்ளிக்குக் கீழே "இப்போது ஆன்லைனில்" என்று காட்டியது. அவரும் தேடிக்கொண்டிருந்தார். அவர் திரையில் இருப்பதும் நான் ஒருத்திதான்.